வலி மண்டகப்படி

பேச்சித்தாய் நூற்றிருபது கிலோவை முதுகை வளைத்துத் தூக்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், ஜிம்மில் இருந்து மூன்று தெரு தள்ளிப் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அருணாசலம் அண்ணாச்சிக்கு இடுப்பில் ஏதோ சடக்கென்று விட்டுப்போக, அவர் மாவின் மேலேயே கவிழ்ந்து, கடை திறந்த நாள் முதல் அவர் வாயில் யாரும் கேட்டிராத வார்த்தை ஒன்றைச் சொன்னார். பேச்சித்தாயோ இரும்புப் பாரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டு, பெட்ரோல் பங்க்கில் டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள்.

அவளுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. வியாழக்கிழமை நூற்றிருபத்தைந்து தூக்கினாள், தபால்காரர் குருசாமி சைக்கிளில் இருந்து இறங்க முடியாமல் கடிதங்களை எட்டி எட்டி வீசியபடி தெருத்தெருவாகச் சுற்றி வந்தார். சனிக்கிழமை நூற்றுமுப்பது தூக்கினாள், புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அடுப்பு மூட்டக் குனிந்த பெரியவர் ஒருவர் அன்று முழுக்கக் குனிந்தபடியே நிற்க, வந்தவர்கள் எல்லாம் என்ன பணிவு, என்ன பணிவு என்று தாங்களும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் பாயசம் குடிக்கப் போனார்கள்.

எங்கள் மேலக்கரிசலில் இடுப்புப் பிடிப்பு என்பது சளி மாதிரி. வரும், போகும், அதற்கென்று ஆள் இருக்கிறது. ஆள் என்றால் தெய்வானை மதினி. அவள் தாய் வயிற்றில் இருந்து தலைக்குப் பதிலாகக் கால் முந்தி வெளியே வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மூன்று உதை விட்டால் பிடித்துக்கொண்ட இடுப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காலை பத்து மணிக்கு மேல் அவள் வாசலில் ஆட்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். அவள் ஒரு கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருக்கும் காப்பி சிந்தாமல், இடது காலால் உதைத்து அனுப்புவாள்.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். அருணாசலம் அண்ணாச்சியின் முதுகில் காலை வைத்தவள் உதைக்காமல் அப்படியே நின்றாளாம்.

"இது ஒங்க வலி இல்ல அண்ணாச்சி."

"பின்ன யாரு வலி? எனக்குல்லா உயிரு போகுது."

"வலிக்கது ஒங்களுக்கு. வலி வேற ஆளுது. இது பொம்பளப்பிள்ள வலி. இன்னும் கல்யாணம்கூட ஆகல."

அதன்பிறகு அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய பஞ்சாலைக் கொட்டகையில்தான் ஜிம் நடக்கிறது. அங்கே பார் தரையில் விழும் சத்தம் ஊருக்கே கேட்கும். சத்தம் கேட்கும், பத்து நிமிஷத்தில் யாரையாவது இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வருவார்கள். ஒரு வாரம் இப்படிப் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, நேரே கொட்டகைக்குப் போய், பால்பாண்டியிடம் சொன்னாள்.

பால்பாண்டிதான் அந்த ஜிம்மை நடத்துகிறவன். முப்பது வயது. மாநில அளவில் தூக்கியவன், இருபத்துமூன்றாம் வயதில் ஒரு பயிற்சியின்போது முதுகு வளைந்தது தெரிந்தும் விடாமல் இழுத்து, டிஸ்க் பிதுங்கி, எட்டு மாதம் படுத்து எழுந்தவன். இன்றைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடப்பான். பேச்சித்தாய் பூனை மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டு பாரை இழுப்பதையும், அடுத்த நிமிஷம் பாட்டுப் பாடிக்கொண்டு வெளியே போவதையும் பார்த்துப் பார்த்து அவனுக்குத் தூக்கமே போயிருந்தது. தெய்வானை மதினி சொன்னதைக் கேட்டதும் அவன் ஆச்சரியப்படவில்லை. "அப்பம் கணக்கு சரியாப் போச்சு" என்று மட்டும் சொன்னான்.

பேச்சித்தாய்க்கு விஷயம் தெரிந்ததும் அழுதாள். பங்க்கில் லாரிக்கு டீசல் போட்டுக்கொண்டே அழுதாள், டீசல் தரையில் வழிந்தது. இருபத்துநாலு வயதுவரை கீழே விழுந்தாலும் இடித்துக்கொண்டாலும் தனக்கு ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பதற்கு அன்றைக்குத்தான் அவளுக்கு அர்த்தம் புரிந்தது. இனிமேல் நேராகத் தூக்குகிறேன் என்று பால்பாண்டியிடம் போய் நின்றாள். அவனும் முதலில் இருந்து சொல்லிக்கொடுத்தான்.

"மூச்ச நெஞ்சுக்கு இழுக்காத, வயித்துக்கு இழு. இழுத்து நிறுத்து. வயிறு சுத்திலும் வெறைக்கணும், பெல்ட்டு போட்ட மாதிரி. பாரு காலை உரசிக்கிட்டே வரணும். முதுகு பலகையா இருக்கணும். அது வளைய ஆரம்பிச்ச நொடியே பாரை விட்ரு. யோசிக்காத. அடுத்த வாரம் வந்து தூக்கிக்கிடலாம்."

நேராகத் தூக்கினால் நூற்றைந்துக்கு மேல் பார் நகரவே இல்லை. முதுகை நம்பியே வளர்ந்த உடம்பு. காலும் வயிறும் அந்த எடைக்குத் தயாராக ஒரு வருஷமாவது வேண்டும் என்றான் பால்பாண்டி. ஆனால் தேர்வுப் போட்டிக்கு நாலு மாதம்தான் இருந்தது. அவளுடைய எடைப் பிரிவில் அந்தப் போட்டியில் முதலாவது வருகிறவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. ஆறு வருஷமாக டீசல் வாசத்திலேயே சாப்பிட்டு, வெயிலில் நின்று, பேட்டரி தீர்ந்த விளக்கு மாதிரி மங்கிப்போன ஒரு பெண்ணுக்கு அது என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுடைய அம்மா அந்த வேலை கிடைத்துவிட்டதாகவே வைத்து, பெண் கேட்டு வந்த இரண்டு சம்பந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மூன்று வாரம் அவள் நேராகத் தூக்கினாள். மூன்று வாரம் ஊரில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

இதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். மேலக்கரிசல் எதற்காகவும் பேர் வாங்கிய ஊர் இல்லை. ஒரு தடவை பஸ் கவிழ்ந்தபோது பேப்பரில் வந்தோம், அதிலும் ஊர்ப்பெயரைத் தப்பாகப் போட்டிருந்தான். இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி நூற்றுமுப்பது கிலோ தூக்குகிறாள், அதில் எங்கள் முதுகுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றால், அந்தப் பங்கை விட யாருக்கு மனசு வரும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடினோம். பேச்சித்தாயையும் கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

"நீ எப்பவும்போலத் தூக்கு தாயி. ஊரு எதுக்கு இருக்கு? நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார் அருணாசலம் அண்ணாச்சி. மாவில் கவிழ்ந்தவரே சொன்னபிறகு அவள் என்ன சொல்வாள்? பால்பாண்டி மட்டும் எழுந்து, "வலிக்காமத் தூக்குறவளுக்கு எப்பம் விடணும்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். அதற்குள் டீ வந்துவிட்டது.

ஒரே குழப்பம், வலி சொல்லாமல் கொள்ளாமல் யார்மேலாவது வந்து விழுகிறது என்பதுதான். ஏணியில் நிற்கிறவன்மேல் விழுந்தால்? சவரக்கத்தி பிடித்திருக்கிறவன்மேல் விழுந்தால்? அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. பங்குனித் திருவிழாவின் பத்து நாளையும் பத்துத் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அந்தந்த நாளின் பூவும் பொங்கலும் மேளமும் அந்தந்தத் தெருவின் மண்டகப்படி, அன்றைக்கு முதல் மரியாதையும் அவர்களுக்கே. அந்தப் பங்கீட்டுத் தாளை இருபது வருஷமாக எழுதிவருகிற சம்பந்தமூர்த்தி சார் இதற்கும் ஒரு தாள் எழுதினார். எந்தக் கிழமை எந்தத் தெரு, தெருவுக்குள் யார் யார், என்ன வரிசை. என் ஜெராக்ஸ் கடையில் நாற்பது பிரதி எடுத்து ஊரெல்லாம் ஒட்டினோம். மறுநாளில் இருந்து வலி தாளைப் பார்த்தே வந்தது. ஒருநாள்கூடத் தெரு மாறவில்லை.

முறை வந்தவர் அன்றைக்கு வேலைக்குப் போவதில்லை. குளித்து, வாசலில் கோலம் போட்டு, கூடத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். சொந்தக்காரர்கள் வெந்நீர்ப் பையும் தைலமுமாக வருவார்கள். கொட்டகையில் சத்தம் கேட்கும், இவர் "யம்மா" என்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். சலூன்காரர் முறையன்று ஊரே தாடியோடு இருந்தது. கோயில் தெருப் புருஷன் ஒருவன் தன் நாளில் மனைவியின் பேரை எழுதிவைத்தான், வலி நேரே அவளுக்குப் போனது, அடுத்த மாதம் முழுக்க அவன்தான் சமைத்தான். பள்ளிவாசல் தெருக்காரர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தேவாலயத் தெருக்காரர்கள் தவக்காலம் நாற்பது நாளையும் தாங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மற்ற தெருக்காரர்களின் பொறாமையைச் சம்பாதித்தார்கள். நூற்றைம்பதுக்கு மேல் வாங்கியவர்களுக்குப் பொன்னாடை. நான் ஒரு புதன்கிழமை நூற்று முப்பத்தைந்து வாங்கினேன், கேட்கிறவர்களிடம் நூற்று நாற்பது என்று சொல்லிவருகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சம்பந்தமூர்த்தி சார் பழைய மண்டகப்படித் தாளைப் பார்த்துத்தான் புதிய தாளை எழுதினார். பழைய தாளில் கீழக்காலனி இல்லை. அதனால் புதியதிலும் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, அதைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நாற்பது பிரதி எடுத்த எனக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பால்பாண்டி ஒரு நிபந்தனை போட்டிருந்தான். காலையில் ஊருக்காக வளைத்துத் தூக்கிக்கொள், மாலையில் எனக்காக நேராகத் தூக்கு. அவளும் வந்தாள். சிறிய எடையில் ஆரம்பித்து, ஏணிப்படி ஏறுவதுபோல ஐந்து ஐந்தாகக் கூட்டி, முதுகு கொஞ்சம் அசைந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு, போட்டி நெருங்குவதற்குள் நேர் முதுகில் நூற்று நாற்பத்தைந்து வந்துவிட்டாள். காலையில் வளைந்த முதுகில் நூற்றெழுபது. இடையில் இருந்த இருபத்தைந்து கிலோ எங்களுடையது என்று ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

போட்டி நாளின் வலி யாருக்கு என்பதில்தான் சண்டை வந்தது. அது சாதாரண வலியா? பத்துத் தெருவும் அடித்துக்கொண்டது, மண்டபத்தில் ஒரு நாற்காலி உடைந்தது. கடைசியில் அம்மன் சந்நிதியில் திருவுளச்சீட்டு என்று முடிவானது. பேர் எழுதிப் போட விரும்புகிறவர் யாரும் போடலாம். தாளில் இருக்கிறவர் மட்டும் என்று சொல்ல மறந்துவிட்டோம்.

பேரூராட்சியில் தெருக்கூட்டுகிற கீழக்காலனி வெள்ளையம்மா அன்று காலை பெட்ரோல் பங்க் வாசலைக் கூட்டி முடித்துவிட்டுப் பேச்சித்தாயிடம் போனாள். ஐம்பத்தேழு வயது. எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகள்கூட அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். பேச்சித்தாய் மட்டும் அக்கா என்பாள்.

"தாயி, எனக்கு எழுத வராது. இதுல எம்பேர எழுதிக் குடு."

"எதுக்குக்கா?"

"எழுதேன்."

அறுநூறு சீட்டில் ஒரு சீட்டு, வந்துவிடவா போகிறது என்று பேச்சித்தாய் எழுதிக் கொடுத்தாள்.

கைகளை நம்ப முடியாது என்று தெய்வானை மதினியைக் காலால் எடுக்கச் சொன்னோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, குடத்தைச் சரித்துக் கொட்டிய சீட்டுக் குவியலில் இருந்து இரண்டு விரல்களுக்கு நடுவே ஒன்றை இடுக்கித் தூக்கினாள். சம்பந்தமூர்த்தி சார் பிரித்துப் படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை மனசுக்குள் படித்தார். "இது... அவங்களுக்கு உடம்பு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இருந்து ஒரு குரல் வந்தது. "எம்பேருதான வந்துருக்கு?"

அம்மன் சீட்டு, யார் என்ன சொல்ல முடியும்? கீழக்காலனியில் அன்றைக்கு வெடி போட்டார்கள்.

முறை வந்தவரின் முதுகில் முந்தின நாள் தெய்வானை மதினி ஒரு தடவை கால் வைத்துப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. வெள்ளையம்மா முதுகில் வைத்தவள் உடனே எடுத்துவிட்டாள். நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். அங்கே பையும் கையுமாக நின்ற பேச்சித்தாயைத் தனியே இழுத்தாள்.

"ஏட்டி, அந்த முதுகுல எடம் இல்ல. அடுக்கடுக்கா அவ வலியே கெடக்கு. ஒண்ணுமேல ஒண்ணு. நாளைக்கு நீ அனுப்புறது அதுக்குமேல போயி விழுந்தா அவ பெறகு எந்திரிக்க மாட்டா."

பேச்சித்தாய் பஸ்ஸை விட்டுவிட்டுக் கீழக்காலனிக்கு ஓடினாள். வெள்ளையம்மா வீட்டு வாசலுக்கு அப்போதுதான் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யக்கா, வேண்டாம்க்கா. வேற யாருக்காவது விட்டுக் குடுத்துருங்க."

"என்னது?" வெள்ளையம்மாவின் முகம் மாறிவிட்டது. "எங்கப்பனுக்கு ஒரு நாள் வரல. இந்தத் தெருவுல பொறந்து செத்த ஒருத்தனுக்கும் வரல. எனக்கு வந்துருக்கு. அத நீ வந்து புடுங்கிட்டுப் போகப் பாக்கியாக்கும்?"

"ஒங்களுக்கு ஏதாவது ஆயிருமேன்னு..."

"ஆகட்டும். நீ நல்லாத் தூக்கு, போ. நான் வாங்கிக்கிடுதேன்."

அடுத்த பஸ்ஸில் அவள் பால்பாண்டியோடு போனாள்.

போட்டியில் ஒவ்வொருத்திக்கும் மூன்று தடவை. முதல் தடவை பேச்சித்தாய் நூற்று நாற்பது கேட்டாள். பாருக்கு முன்னால் நின்று, மூச்சை வயிற்றுக்கு இழுத்து நிறுத்தி, முதுகு பலகையாக இருக்க, காலை உரசியபடி பாரை மேலே கொண்டுவந்து நிமிர்ந்தாள். இரண்டாவது தடவை நூற்றைம்பது, அதுவும் நேர் முதுகில். பயிற்சியில் அவள் தொடாத எடை. பால்பாண்டிக்குத் திறந்த வாய் மூடவில்லை. ஆனால் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி நூற்று எழுபத்திரண்டரை தூக்கிவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நூத்தியம்பத்தஞ்சு கேப்போம்," என்றான் பால்பாண்டி. "அது ஒன்னால நேரா முடியும். மூணாவது எடம் வரும்."

"மூணாவது எடத்துக்கு வேல கிடையாதுண்ணே."

"தெரியும்."

"நூத்தியெழுபத்தஞ்சு கேளுங்க."

அவன் கேட்டான். கேட்டுவிட்டு வந்து, அவள் இடுப்பில் பெல்ட்டை இழுத்துக் கட்டினான்.

இங்கே வெள்ளையம்மா வீட்டில் கீழக்காலனி முழுக்கக் கூடியிருந்தது. இரண்டு மேளம், ஒரு அண்டா பொங்கல். வெள்ளையம்மா வாடாமல்லி நிறத்தில் புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, புதுப் பாயில் குப்புறப் படுத்திருந்தாள். மற்ற தெருக்காரர்களும் வந்து, உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் நின்றோம். அந்தத் தெருவுக்குள் நானே அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போகிறேன். போட்டிக்குப் போயிருந்த பையன் ஒருவன் போனில் நடப்பதைச் சொல்லச் சொல்ல, ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அங்கே பேச்சித்தாய் பாரைப் பிடித்தாள். மூச்சை இழுத்து நிறுத்தினாள். பார் தரையை விட்டுக் கிளம்பியது, கணுக்காலைத் தாண்டியது, கணைக்காலை உரசிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது, நின்ற இடத்திலேயே அவளுடைய முதுகு மெல்ல வளையத் தொடங்கியது; வளைந்தால் பார் மேலே வந்துவிடும், எத்தனையோ காலைகளில் வந்திருக்கிறது, இன்னும் இரண்டு நொடி வளைந்து இழுத்தால் வேலை அவளுடையது, அம்மா இரண்டு சம்பந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பியது வீணாகாது, ஊர்ப்பெயர் சரியான எழுத்தோடு பேப்பரில் வரும், அவளுக்கு ஒன்றும் வலிக்கவும் வலிக்காது; அவள் பாரை விட்டாள்.

போனில் அந்தச் சத்தம் கேட்டது. கீழக்காலனியில் மேளம் அடித்தார்கள். வெள்ளையம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, பாயின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பையன் அந்தப் பக்கம் ஏதோ அழுகையாகச் சொன்னான், மேளச் சத்தத்தில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபிறகு மேளம் நின்றது. ஒருவேளை தாமதமாக வரும் என்று நினைத்து அவள் படுத்தே இருந்தாள். பொங்கல் ஆறிப்போனது. வாசலில் நின்ற நாங்கள் ஒவ்வொருவராக நழுவினோம். வலி வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பேச்சித்தாய் பஸ்ஸில் இருந்து இறங்கியபோது வரவேற்க யாரும் போகவில்லை. ஊரே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது. விட்டாளே, முழங்கால்வரை வந்ததை விட்டாளே, எங்களை நம்பாமல் விட்டாளே என்று டீக்கடையில் ஒரே பேச்சு. ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தப் பிள்ளை அந்தப் பெரிய பையோடு தனியாக நடந்துவருவதை நினைத்தால் கடையில் உட்கார முடியவில்லை.

"வீட்டுக்கா?" என்று கேட்டேன்.

"கீழக்காலனிக்கு விடுங்கண்ணே."

வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னால் இருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. பையில் இருந்து ஏதோ இடிக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளையம்மா இன்னும் அந்தப் புதுச் சேலையிலேயே பாயில் படுத்திருந்தாள். வேலைக்கும் போகவில்லை. பேச்சித்தாயைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யக்கா."

வெள்ளையம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"யக்கா, தர்றதுக்கு எனக்கு மனசு வரலக்கா."

"அதான் தெரியுதே." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பரோட்டாக்கடைக்காரனுக்குக் குடுத்த. தபால்காரனுக்குக் குடுத்த. சம்பந்தமூர்த்திக்குக்கூட ஒரு நாள் குடுத்த. எனக்குக் குடுக்கத்தான் ஒனக்கு மனசு வரல. என் தெருவே கூடி நின்னு பாத்துச்சு. வெறும் முதுகோட கெடந்தேன். எம்மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்க?"

பேச்சித்தாயிடம் நியாயம் இருந்தது, வெள்ளையம்மாவிடமும் இருந்தது. பேச்சித்தாய் அவள் பக்கத்தில் உட்காரலாம் என்று குனிந்தாள். பாதி குனிந்தவள் அப்படியே நின்றாள். கை தானாகப் பின்னால் போனது. அவள் முகத்தில் நான் பார்த்தது வேதனைகூட இல்லை, வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர்களின் முழிப்பு.

"யக்கா, இங்கன என்னமோ பண்ணுது."

"என்ன பண்ணுது?"

"தெரியல. நேத்து பாரை விட்டதுல இருந்து. உள்ள யாரோ புடிச்சி முறுக்குற மாதிரி. காலு வரைக்கும் இழுக்கு. இதுக்குப் பேரு என்னக்கா?"

வெள்ளையம்மா திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, பேச்சித்தாயின் சட்டைக்கு மேலேயே கட்டைவிரலால் முதுகெலும்பின் ஓரமாக அழுத்திக்கொண்டே இறங்கி, ஒரு இடத்தில் நிறுத்தினாள். பேச்சித்தாய் "யம்மா" என்று கத்திவிட்டாள். அந்த வார்த்தையை எங்கள் ஊரில் எல்லாரும் அவளுக்காகச் சொல்லியிருக்கிறோம். அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வலிட்டி," என்றாள் வெள்ளையம்மா. "இதுதான் வலி. படு."

பாயில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, யாருக்கும் பயன்படாமல் அப்படியே இருந்த தைலப் புட்டியைத் திறந்து, முழங்கையை ஊன்றிக்கொண்டு தேய்த்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தேய்த்த வேகத்தில் அதுவும் கொஞ்சம் இருந்தது. பேச்சித்தாய் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், வேலைக்காக அழுதாளா வலிக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"அழு. ஆனா காலைல கண்ணு முழிச்ச ஒடன சடக்குன்னு எந்திரிச்சிராத. முதல்ல ஒருக்களிச்சுப் படு. காலு ரெண்டையும் மடக்கு. கைய நல்லா ஊனு. பெறகு மெதுவா ஒடம்பத் தூக்கு. தூக்கிட்டு ஒடன நடக்காத, சொவத்தப் புடிச்சிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நில்லு. கண்ணு இருட்டிக்கிட்டு வரும், போயிரும்."

"எத்தன நாளைக்குக்கா இப்படி எந்திரிக்கணும்?"

வெள்ளையம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒனக்கு நாலு நாளு, மிஞ்சிப்போனா ஒரு வாரம்," என்றாள். "எனக்கு முப்பத்தொம்பது வருசமாச்சு."

மேலக்கரிசலில் அதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.